கோட்டுக்குள் நின்ற அரசன்

13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்துபோன வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஊர் திரும்பிச் சொன்ன செய்திகளில் ஒன்று கடன் வசூலைப் பற்றியது. அரபு வணிகர்கள் மாபார் என்று அழைத்த அந்தக் கரையில், வாங்கிய கடனைத் தராமல் இன்று நாளை என்று இழுத்தடிப்பவரைக் கொடுத்தவர் எங்காவது மடக்கினால், அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவாராம். கடனைத் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் தக்க பிணை காட்ட வேண்டும். அதுவரை வட்டத்தைவிட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. வைத்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நாட்டு அரசரே ஒரு வெளிநாட்டு வணிகருக்குக் கடன்பட்டிருந்தார். குதிரைமேல் போய்க்கொண்டிருந்த அவரையும் குதிரையையும் சேர்த்து வணிகர் வட்டம் போட்டார். அரசர் அங்கேயே நின்றார். கணக்குத் தீர்ந்த பிறகுதான் குதிரை நகர்ந்தது. இதைத் தன் கண்ணால் கண்டதாகவே போலோ சொல்கிறார்.

போலோவின் பேச்சில் உப்பும் காரமும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் இந்தச் செய்தியைச் சிறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். கதவில்லை, கம்பியில்லை, காவலர்கூட இல்லை. இருந்தும் ஒருவர் சிறைப்பட்டு நிற்கிறார்.

இதைச் சிறை என்று சொல்வது மிகையல்ல. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டம், ஒருவரைக் குறிப்பிட்ட எல்லைக்கு வெளியே போகவிடாமல் தடுப்பதையே சட்டவிரோதமாக அடைத்துவைக்கும் குற்றம் என்றது. சுவர் வேண்டும் என்று அது கேட்கவில்லை. அந்தப் பிரிவின் கீழ்த் தரப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்றில், கட்டடத்தின் வாசல்களில் துப்பாக்கி ஏந்திய ஆட்களை நிறுத்தி, வெளியே வந்தால் சுடுவார்கள் என்று உள்ளே இருப்பவரிடம் சொல்லப்படுகிறது. கதவு திறந்தே இருந்தாலும் அவர் அடைபட்டவர்தான். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவிலும் இந்த இலக்கணம் மாறவில்லை.

எல்லை நாலு பக்கமும் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் 1845இல் ஒரு வழக்கு விடை சொன்னது. லண்டன் ஹாமர்ஸ்மித் பாலத்தின் நடைபாதையில் ஒரு பகுதியைப் படகுப் போட்டி பார்க்க வருவோருக்காக அடைத்திருந்தார்கள். அந்த வழியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்த ஒருவரைத் தடுத்தார்கள். திரும்பிப் போகவோ வேறு வழியில் சுற்றிப் போகவோ தடையில்லை. இது சிறைவைப்பு ஆகாது என்று நீதிமன்றத்தின் பெரும்பான்மை முடிவு செய்தது. ஒரு பக்கம் மறித்தால் அது தடை. எல்லாப் பக்கமும் மறித்தால்தான் சிறை. மெக்காலேயின் வரைவு இந்த வேறுபாட்டை முன்பே கண்டு, இரண்டையும் தனித்தனிக் குற்றங்களாக்கி வைத்திருந்தது. அந்த லண்டன்காரர் நம் ஊரில் வழக்குப் போட்டிருந்தால், தடுத்தவருக்கு இந்தச் சட்டப்படி ஒரு மாதம் வரை வெறுங்காவலாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

தமிழில் சிறை என்ற சொல் தொடக்கத்தில் சட்டத்தின் இந்தப் பழைய பொருளுக்கு மிக அருகே நின்றது. பெருகி வரும் படையை ஒற்றை ஆளாகத் தாங்கி நிற்கும் வீரனைத் தொல்காப்பியம் ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் கல் தடுப்புக்கு ஒப்பிடுகிறது; அந்தத் தடுப்பை அது கற்சிறை என்கிறது. மலையாளத்தில் இன்றும் சிற என்றால் கரை கட்டித் தேக்கிய நீர்நிலை. கண்ணூர் அருகே உள்ள சிறக்கல் என்ற ஊர்ப் பெயரில் அது நிற்கிறது. கன்னடத்தின் செரெ, தெலுங்கின் செர இரண்டும் ஆளை அடைக்கும் பொருளுக்கு வந்துவிட்டன. தமிழோ எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டது.

திருக்குறளில் மட்டும் இந்தச் சொல் இரண்டு முகம் காட்டுகிறது. பெண்களைச் சிறைவைத்துக் காப்பதால் என்ன பயன் என்று வாழ்க்கைத் துணைநலத்தில் கேட்கும் வள்ளுவர், போர் வரும் முன்பே தனக்குச் சிறை செய்துகொள்ளாத வேந்தன் அஞ்சிக் கெடுவான் என்று வெருவந்த செய்யாமையில் எச்சரிக்கிறார். முதல் இடத்தில் அது அடைப்பு. இரண்டாம் இடத்தில் அரண், தன்னைக் காத்துக்கொள்ள அரசன் கட்டும் மதில். சங்கப் பாடல்களில் பறவைக்கும் தும்பிக்கும் இருக்கும் இறகும் சிறைதான். ஒருசிறை என்றால் ஒரு பக்கம். அந்தத் தொடரையே பெயராகக் கொண்ட ஒருசிறைப் பெரியனார் என்ற புலவரும் இருந்தார். இறகும் அணையும் மதிலும் ஒரே வேரில் பிறந்தவையா என்ற வழக்கை மொழியியலாரிடம் விட்டுவிடலாம். பக்கத்தில் நின்று மறிப்பது, மூடுவது, காப்பது என்ற செயல்தான் இந்தப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஊடே ஓடுகிறது. குற்றம், தண்டனை, ஆண்டுக்கணக்கு எதுவும் அதில் இல்லை.

அகப்பாடல்களின் கீழ்க்குறிப்புகளைப் படித்தவர்களுக்குச் சிறைப்புறம் என்ற சொல் பழக்கமானது. தலைவன் வேலிக்கு வெளியே வந்து நிற்கிறான். அவன் காதில் விழட்டும் என்றே தோழி உள்ளே பேசுகிறாள். வீட்டு வேலிதான் அங்கே சிறை. காதல் வெளியே தெரிந்ததும் பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திவைப்பதற்கு இற்செறிப்பு என்று தனிப்பெயரே வைத்திருக்கிறது அகமரபு. எந்த அரசனும் ஆணையிடாமல், எந்த வழக்கும் நடக்காமல், தமிழ்ச் சமூகத்தில் மிக அதிகம் பேர் அனுபவித்த அடைப்பு அதுவாகத்தான் இருக்க முடியும். வள்ளுவரின் கேள்வியும் அதை நோக்கியதுதான்.

அரசர்களின் சிறையில் அடைபட்டவர்களில் முதல் வரிசை, தோற்றுப்போன அரசர்களுக்கு. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல் அது. தண்ணீர் கேட்டான், கொடுக்காமல் காக்கவைத்துப் பிறகு கொண்டுவந்தார்கள், குடிக்காமல் உயிர்விட்டான் என்று புறநானூற்று 74ஆம் பாடலின் குறிப்பு சொல்கிறது. பாடலில் அவன் தன்னைச் சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஒப்பிட்டுக்கொள்கிறான். பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்பது இன்னொரு மரபு. இரண்டும் ஒன்றோடொன்று இசையவில்லை. இசைய வைக்க உரைகாரர்கள் பட்ட பாடு தனிக்கதை. எப்படியானாலும் அவன் எத்தனை ஆண்டுத் தண்டனை பெற்றான் என்ற கேள்வி அந்த உலகத்தில் எழவே இல்லை. சாகும்வரை, மீட்கப்படும்வரை, வென்றவன் மனம் மாறும்வரை என்பதுதான் கணக்கு. தலையாலங்கானத்துப் பாண்டியனிடம் பிடிபட்ட மாந்தரஞ்சேரல் இரும்பொறை தானே தப்பி வெளியேறினான். குழியில் விழுந்த யானை கரையை இடித்து ஏறியதுபோல என்று புறநானூறு அதைக் கொண்டாடுகிறது.

சிலப்பதிகாரத்தில் சிறை அடிக்கடி திறக்கிறது. கட்டுரை காதையில் வார்த்திகன் என்ற அந்தணன் பொய்யான திருட்டுப் பழியில் அடைபடுகிறான். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. அரசன் விசாரித்து, தவறை உணர்ந்து, அவன்முன் தாழ்ந்து, திருத்தங்காலையும் வயலூரையும் கொடுக்கிறான். வடநாட்டில் பிடித்த கனகரையும் விசயரையும் சேரன் செங்குட்டுவன் பிற்பாடு வேளாவிக்கோ மாளிகையில் கௌரவமாகத் தங்கவைக்கிறான். நாட்டில் சிறைக்கோட்டங்களைத் திறக்கச் சொல்லி, வரிப் பாக்கியையும் தள்ளுபடி செய்கிறான். மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி இன்னும் ஒரு படி மேலே போகிறாள். அமுதசுரபியோடு சிறைக்குள் போய்ப் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். என்ன வேண்டும் என்று மன்னன் கேட்டதும், அந்தக் கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றித் தரச் சொல்கிறாள். ஒரு காதைக்கே அது பெயராகிவிட்டது. அரசனின் பிறந்தநாளிலும் முழுநிலவு நாளிலும் இளையோர், முதியோர், நோயாளிகளை விடுவிக்கச் சொல்லும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் இந்த மனநிலையைச் சேர்ந்ததுதான். 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டித் தமிழக அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளை விடுவித்தபோது, ஆளுநருக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 161ஆம் பிரிவு கையில் இருந்தது; வழக்கம் அதைவிட மிகப் பழையது.

அப்படியானால் குற்றவாளிகளை என்ன செய்தார்கள்? சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினால் அபராதமும் நிலப் பறிமுதலும் கோயில் விளக்கும் வருகின்றன. வேட்டையில் தவறுதலாக ஆளைக் கொன்றவரைக் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்கச் சொன்ன தீர்ப்புகள் உண்டு. விளக்குக்கு 96 ஆடுகள் என்பது வழக்கமான கணக்கு. உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு இன்னும் முக்கியமானது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் முதலானோரைப் பற்றி முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது அது. ஒரு பேரரசின் வாரிசைக் கொன்றவர்களைப் பற்றிய ஆவணம் பேசுவது அவர்கள், அவர்களது உறவினர் ஆகியோரின் சொத்துப் பறிமுதலைப் பற்றி. ரவிதாசனை இத்தனை ஆண்டு அடைத்துவைக்க என்று அது எதுவும் சொல்லவில்லை. அடைத்துவைத்துச் சோறு போட்டுக் காவல் வைப்பது செலவு. நிலத்தைப் பறித்தால் வரவு. இரக்கத்தைக் காட்டிலும் இந்தக் கணக்குக்கும் இதில் பங்கிருந்திருக்கலாம்.

இது நமக்கு மட்டும் உரிய நிலையும் அல்ல. சிறை ஆளை நிறுத்திவைக்கும் இடமே தவிர தண்டிக்கும் இடமல்ல என்று ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் 3ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சிறைவாசமே முதன்மைத் தண்டனையானது. குற்றத்தின் எடைக்கு ஏற்ப ஆண்டுகளை அளந்து கொடுக்கலாம் என்ற எண்ணம் அப்போது பரவியது.

கிழக்கிந்தியக் கம்பெனியோடு அது இங்கே இறங்கியது, ஒரே நாளில் அல்ல. சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆம் ஒழுங்குவிதி, வாய்ச்சண்டை, சில்லறை அடிதடி போன்றவற்றுக்குக் குற்றவாளியை ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைக்கும் அதிகாரத்தைக் கிராமத் தலைவருக்குக் கொடுத்தது. குற்றவாளி தாழ்த்தப்பட்ட சாதியினர் என்றால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் காலை மாட்டி வைக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. பழைய சாதி வழக்கத்தைக் கம்பெனி அச்சிட்டுச் சட்டமாக்கிக் கொடுத்த இடம் இது. வரி பாக்கி வைத்தவர்களைக் கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகத்தில் நிறுத்திவைப்பது, விரல்களைக் கிட்டியில் இறுக்குவது, தலையைக் குனியவைத்துக் கயிற்றால் கட்டும் அண்ணாந்தாள் ஆகியவற்றை 1855இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்தது. கடன்பட்டவரைச் சுற்றிப் போட்ட வட்டம் இப்போது அரசின் கைக்கு வந்து, வலியும் சேர்ந்துகொண்டது. 1819ஆம் ஆண்டு 2ஆம் ஒழுங்குவிதியோ விசாரணையே இல்லாமல் அரசியல் கைதிகளை வைத்திருக்க வழி செய்தது. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் எந்தத் தீர்ப்பும் இல்லாமல் 1816 முதல் 1832இல் இறக்கும்வரை வேலூர்க் கோட்டையில் இருந்தார். கணைக்கால் இரும்பொறையின் நிலைமைதான். தண்ணீரும் உபகாரச் சம்பளமும் கிடைத்தன.

1835இல் அமைந்த சிறை ஒழுங்குக் குழுவிலும் மெக்காலே இருந்தார். 1838இல் வந்த அதன் அறிக்கை, கைதிகளைச் சாலை போடும் வேலைக்கு வெளியே அனுப்புவதை நிறுத்தி, பெரிய மத்தியச் சிறைகளுக்குள் வைத்துச் சலிப்பூட்டும் வேலையைக் கொடுக்கச் சொன்னது. வேலையால் பயன் விளைய வேண்டியதில்லை. அது கசக்க வேண்டும். சேலம், கடலூர், திருச்சி, கோவை, பாளையங்கோட்டை என்று மத்தியச் சிறைகள் அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தன.

இந்தக் கொள்கை தமிழர் நினைவில் ஒரே ஒரு பொருளாக நின்றுவிட்டது: செக்கு. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தீவாந்தரம் விதித்தார். ஆயுள் என்பதை 20 ஆண்டாகக் கணக்கிடும் பிரிவு தண்டனைச் சட்டத்தில் இருந்ததால் ஊர் அதை 40 ஆண்டு என்றது. மேல்முறையீட்டில் 6 ஆண்டாகக் குறைந்தது. கோவையிலும் கண்ணூரிலும் கழித்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கப்பல் கம்பெனி நடத்திய வழக்கறிஞரை மாட்டுக்குப் பதிலாக எண்ணெய்ச் செக்கில் பூட்டியது, தண்டனை என்றால் என்ன என்பதற்கு 1838 அறிக்கை தேடிய விளக்கத்தைத் தமிழ்நாட்டுக்குக் கண்கூடாகக் காட்டியது. அந்தச் செக்கு இப்போது கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் காட்சிக்கு இருக்கிறது.

புதிய தண்டனைக்குச் சொல் தேட வேண்டியிருந்தது. கடல் கடந்து அனுப்பும் தண்டனைக்குத் தீவாந்தர சிட்சை என்றார்கள். உழைப்போடு கூடிய சிறைக்குத் தமிழ்நாட்டில் கடுங்காவல், உழைப்பில்லாததற்கு வெறுங்காவல். இரண்டிலும் காவல்தான் இருக்கிறது. செக்கு எந்தச் சொல்லிலும் இல்லை. இலங்கைத் தமிழ் வேறு வழியில் போயிற்று. அங்கே அது கடூழியச் சிறை, ஊழியத்தை ஒளிக்கவில்லை. விசாரணை முடியாமல் அடைபட்டிருப்பது அங்கே விளக்கமறியல். யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறியலில் இருக்கிறார் என்றால் உள்ளே இருக்கிறார் என்று பொருள். மதுரையில் ஒருவர் மறியலில் இருக்கிறார் என்றால் சாலையில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போவது அதற்கு அடுத்த கட்டம். மறித்தல் என்ற பழைய கருத்தை இலங்கை வழக்கு அரசின் கையில் கொடுத்தது, தமிழ்நாட்டு வழக்கு மக்களின் கையில் கொடுத்தது.

பேச்சு வழக்கு இவை எதையும் பொருட்படுத்தவில்லை. களி தின்பது, கம்பி எண்ணுவது, மாமியார் வீட்டுக்குப் போவது என்று தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டது. அரபியிலிருந்து உருது வழியாக வந்த கைதி என்ற சொல்லை மட்டும் எல்லோரும் தடையின்றி ஏற்றார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரான மிசாவோ நெருக்கடி நிலைக்குப் பிறகு ஆட்களின் பெயருக்கு முன்னால் பட்டம்போல ஒட்டிக்கொண்டது. தண்டனை பெறாமல் அடைபட்டதே அங்கே தகுதி. வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் ராமாயணம் சிறையிருந்தவளின் ஏற்றத்தைச் சொல்வது என்றதும் இதே திசையில்தான். சீதை இருந்தது ஒரு பூஞ்சோலை. அவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

தீவாந்தரம் 1956 ஜனவரி 1 முதல் சட்டத்திலிருந்து நீங்கி ஆயுள் சிறையாக மாறியது. ஆயுள் என்றால் 14 ஆண்டு என்ற நம்பிக்கை டீக்கடையிலும் சினிமாவிலும் அசையாமல் இருக்கிறது. காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சேயும் தன் காலம் முடிந்துவிட்டதாக வாதாடினார். ஆயுள் என்றால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் என்றும், குறைப்பது அரசின் விருப்பம் என்றும் 1961இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 என்ற எண் 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த பிரிவிலிருந்து வலுப்பெற்றது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவரை அதற்கு முன் விடக் கூடாது என்பது அந்தப் பிரிவு. அது தரை, மக்கள் அதைக் கூரையாக எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைய இந்தியச் சிறைகளுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் உல்பியன் வியக்க மாட்டார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் மொத்தம் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூறில் 75 பேருக்கு மேல் எந்தத் தண்டனையும் பெறாதவர்கள். ஆண்டுகளை அளந்து கொடுப்பதற்காகக் கட்டிய கட்டடங்களை, வழக்கு முடியும்வரை மறித்து நிறுத்தப்பட்டவர்கள் நிரப்புகிறார்கள். பிணை கட்டப் பணமில்லாதவர்கள் அவர்களில் ஏராளம். தக்க பிணை காட்டும்வரை வெளியே வர முடியாது என்ற மாபார் நிபந்தனையே அவர்களுக்கும்.

இந்த இரண்டு சிறைகளையும் சட்டம் ஒன்றாக்கும் இடம் ஒன்று உண்டு. 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு, விசாரணையின்போது அடைபட்டிருந்த நாள்களைப் பிற்பாடு விதிக்கும் தண்டனையில் கழித்துக்கொள்ளச் சொன்னது. ஆயுள் கைதிகளுக்கும் அந்தக் கழிவு உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால், வெறுமனே நிறுத்திவைக்கப்பட்டிருந்த நாள்கள் பின்தேதியிட்டுத் தண்டனையாகிவிடும். நிரபராதி என்று வந்தால் கழிப்பதற்கு எதுவும் இல்லை. அந்த நாள்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.